இடது பக்கப் பெட்டி ஊமையானது பற்றிச் சம்பந்தி அம்மாளுக்கு

பர்ரான்கீயா, ரெபோலோ பேட்டை,
வியாழக்கிழமை காலை.

சியேனகாவில் வசிக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் தோன்யா எதெல்மிரா மன்ஹார்ரெஸ் அவர்களுக்கு, அரிஸ்திதெஸ் பார்ராசா மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது:

டிரைவர்களைக் காக்கும் கார்மென் மாதாவின் கருணையால் என் உடம்பில் தலை முதல் கால் வரை ஒரு குறையும் இல்லை. தங்கள் முழங்கால் வலியும் தங்கள் வெள்ளாடுகளின் வயிற்றுப்போக்கும் நீங்கி, வீட்டிலுள்ள சகலரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போன மாதம் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வாழைத்தார் ஒரு காய்கூட நசுங்காமல் வந்து சேர்ந்தது, மெத்த நன்றி. மரியாதைக்கு எழுத வேண்டியது இத்துடன் தீர்ந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

தங்கள் மகன் டெய்விஸைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் வீட்டிலிருந்து கிளம்பியவர் நேரே தங்களிடம்தான் வந்திருப்பார். வந்து என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியாது, எதுவும் சொல்லியிருக்க மாட்டார் என்பது மட்டும் தெரியும். அந்த மனிதருக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான். ஆகவே நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். தங்களோடு போனில் பேசுவது என்றால் தாங்கள் பேசுவதை நான் கேட்பது என்று அர்த்தம். கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது. சியேனகா பஸ் ஓட்டும் பழைய சிநேகிதன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் யார் என்பதைக் கல்யாணத்தின்போதே சொன்னேன், தாங்கள் பந்தி பரிமாறுவதில் மும்முரமாக இருந்ததால் காதில் விழுந்ததோ என்னவோ. முப்பத்தொரு வருஷம் இந்த ஊரில் பஸ் ஓட்டியவன். இடது ஜன்னலில் முழங்கையை வெளியே போட்டுக்கொண்டு, எதிரே வரும் ஹாரனை வைத்தே அது எந்த ரூட், எந்த டிரைவர், அவன் வீட்டில் இன்று சண்டையா இல்லையா என்று சொன்னவன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெரு நிக்கானோரின் பிக்கோவுக்கு, அதாவது தெருவில் நிறுத்திப் பாட்டுப் போடும் அந்த ராட்சத ஸ்பீக்கர் செட்டுக்கு, நான்தான் காது. சியேனகாவில் பெட்டியைத் திறந்தோம், பாட்டைப் போட்டோம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ரெபோலோவில் அப்படி இல்லை. ‘பிடிவாதக்காரன்’ என்று பெயர் எழுதிய நிக்கானோரின் பிக்கோ இரண்டு ஆள் உயரப் பெட்டிகளோடு தெருவில் நின்றால், நான் இரண்டு கையிலும் வெள்ளைக் கைக்குட்டையோடு தெரு நடுவில் போய் நிற்பேன். வலக் கைக்குட்டை உயர்ந்தால் வலப் பக்கம் கூட்டு, இடக் கைக்குட்டை தாழ்ந்தால் இடப் பக்கம் குறை. இரண்டும் என் மார்புக்கு வந்து சேரும் வரை ஒருவனும் ஆடக் கால் எடுக்க மாட்டான். இருபத்திரண்டு வருஷமாக நடக்கிற வழக்கம். அப்படிப்பட்ட காதிடம்தான் தங்கள் மகன் தன் கைவரிசையைக் காட்டினார்.

வீட்டில் என் சாய்வு நாற்காலிக்கு எதிரே இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் உண்டு. அவற்றில் பேக்கரிச் சுவரோரம் இருக்கிற இடது பெட்டி கொஞ்ச நாளாக மெலிந்துபோய்ப் பாடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிற கடையில் வேலை பார்ப்பவர் ஆயிற்றே, வீட்டிலேயே வைத்தியரை வைத்துக்கொண்டு வெளியே போவானேன் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் அவரைக் கூப்பிட்டேன். பெட்டிகளின் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“மாமா, டேபிள் லைட்டு வயரைப் போட்டு வச்சிருக்கீங்களே. இவ்வளவு பெரிய பெட்டிக்கு இந்த நூல் எப்படித் தாங்கும்?”

“நல்ல வயரா வாங்கிட்டு வாப்பா. பதினெட்டாம் நம்பர் வாங்கு, தடிமனா இருக்கணும்” என்றேன்.

மறுநாள் வந்த சுருளில் பன்னிரண்டு என்று அச்சடித்திருந்தது. எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

“பதினெட்டு கேட்டா பன்னெண்டா? மிச்ச ஆறு எங்கே போச்சு?”

“மாமா, நம்பர் குறைஞ்சா வயர் தடிமன் கூடும். பதினெட்டு இதைவிட மெல்லிசு.”

“அப்போ ஒண்ணாம் நம்பர்?”

“அது விரல் தடிமன் இருக்கும்.”

“சைபர்?”

“அதுக்கும் மேல மாமா. ரெண்டு சைபர் இன்னும் தடிமன்.”

ஒன்றுமில்லாததற்கு இன்னொரு ஒன்றுமில்லாததைச் சேர்த்தால் தடிமன் கூடுமாம்! “உங்க ஊர்ல சம்பளமும் இப்படித்தான் தருவாங்களா?” என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார். அதோடு விட்டாரா, இடது பெட்டி ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் இருக்கிறது, வலது பெட்டி தூரத்தில் இருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் ஒரே நீளத்தில் வயரை வெட்டினார். மிஞ்சிய வயரை இடது பெட்டிக்குப் பின்னால் வளைத்து, சுவரில் ஆணி அடித்து மாட்டி வைத்தார். சத்தம் அதற்குள் சுற்றிச் சுற்றித் தலை கிறுகிறுத்துத்தானே வெளியே வரும் என்று நான் கேட்டதற்கு, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது மாமா என்றார். யாரும் என்றால் யார்? நான்தான். அது எனக்கு விளங்காதா?

பாட்டைப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தேன். இடது பெட்டி ஊமையாகவே இருந்தது. சொன்னேன். அவர் பெட்டிக்கு முன்னால் குனிந்து கேட்டார், நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை, முகத்தின் பக்கவாட்டைப் பார்த்தார். அப்புறம் பாட்டை நிறுத்திவிட்டு என் முதுகுப் பக்கம் போனார். என்னடா செய்கிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினால், என் இடது தோளுக்கு அருகில் நின்றுகொண்டு விரலைச் சொடுக்கிக்கொண்டிருக்கிறார். வேலை நேரத்தில் விரல் சொடுக்கு விளையாட்டு! இதைத் தாங்கள்தான் சின்ன வயதில் கண்டித்திருக்க வேண்டும்.

“சரி மாமா, வேற வயர் போட்டுப் பாக்கலாம்” என்றார், ஏதோ துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி.

அன்றிலிருந்து தினம் ஒரு வைத்தியம். வலப் பக்கத்து வயரை இடப் பக்கம் மாற்றினேன் என்றார், இடது பெட்டி ஊமை. பெட்டிகளையே இடம் மாற்றினேன் என்றார், அப்போதும் இடது பக்கம்தான் ஊமை. வலப் பக்கத்தில் ஆனந்தமாகப் பாடிய பெட்டி இடப் பக்கம் வந்ததும் வாயை மூடிக்கொள்ளுமா? மாற்றவே இல்லை, மாற்றினதாக என்னிடம் பொய் சொல்கிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன். ஒரு மத்தியானம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது நானே உட்கார்ந்து இடது பெட்டியில் மட்டும் சிவப்பு வயரைக் கறுப்பு இடத்திலும் கறுப்பு வயரைச் சிவப்பு இடத்திலும் மாட்டினேன், சத்தம் எதிர்ப்பக்கமாகப் போய்ப் பார்க்கட்டுமே என்று. அதற்குப் பிறகு இரண்டு பெட்டியிலும் பாஸ் காணாமல் போய், டிரம் எல்லாம் தகர டப்பா ஆகிவிட்டது. சாயங்காலம் வந்த மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் திருப்பி மாட்டினார். ஒரு பெட்டி தள்ளும்போது மற்றது இழுத்தால் பாஸ் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று அப்புறம் யூரானிஸிடம் சொன்னாராம். என் மகளிடம் சொல்லத் தெரிந்தவருக்கு என்னிடம் சொன்னால் என்ன?

கார் கதை இதைவிட மோசம். நான் ஓய்வு பெற்றபோது வாங்கிய நீல நிறக் கார், அதையாவது ஒழுங்காகச் செய்யட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். சீட்டைக் கழற்றினார், தரையில் இருந்த கம்பளத்தை உரித்தார், பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரை ஒரு ஓரமாகவும் ஸ்பீக்கர் வயரை மறு ஓரமாகவும் இழுத்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டு போனால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பாட்டுக்குள் கொசு மாதிரி ஒரு சத்தம் வருமாம். கதவு மூடும்போது நசுங்காதிருக்க ரப்பர் குழாய்க்குள் வயரை நுழைத்தார். ஒரு நாள் முழுக்க வெயிலில் தலைகீழாகப் படுத்துக் கிடந்தார், அதை நான் மறுக்கவில்லை. முடிந்ததும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து பாட்டைப் போட்டேன். என் முழங்கைக்குப் பக்கத்தில், இடது கதவில் இருக்கிற ஸ்பீக்கர் ஊமை! வீட்டில் இடது, காரில் இடது! ஒரு மனிதருக்கு ஒரு பக்கத்தின் மேல் இவ்வளவு விரோதம் இருக்குமா அம்மா? வேண்டுமென்றே செய்தாலொழிய இது நடக்காது. “அப்பா, நான் பின்சீட்டுல இருக்கேன், எனக்கு நல்லாத்தானே கேக்குது?” என்று யூரானிஸ் சொன்னாள். புருஷனை விட்டுக்கொடுப்பாளா அவள்?

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தது, பொறுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பொறுக்க முடியாதது. அன்று மத்தியானம் நிக்கானோரின் பிக்கோவில் புதுப் பெட்டிகள் முதல் தடவையாகத் திறக்கப்பட்டன. வயர் இழுத்தது தங்கள் மகன். பேட்டையே கூடி நிற்கிறது, நான் சலவைச் சட்டையும் இரண்டு கைக்குட்டையுமாக நடுத்தெருவில் போய் நின்றேன். பாட்டு ஆரம்பித்தது. இடப் பக்கம் வழக்கம்போல் ஊமை. இடக் கைக்குட்டையை உயர்த்தினேன், நிக்கானோர் கூட்டினான். போதவில்லை, உயர்த்தினேன், கூட்டினான். மறுபடி உயர்த்தினேன். இடப் பக்கத்துப் பேக்கரியிலிருந்து தட்டுத்தட்டாக ரொட்டி கீழே விழுந்தது, பேக்கரிக்காரி காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடி வந்தாள், அந்தப் பக்கம் நின்ற சனம் முழுக்க வலப் பக்கம் ஒதுங்கியது. ரொட்டியை எவன் ஒழுங்காக அடுக்கினான், சனத்துக்கு இசை என்றால் என்ன தெரியும்? நான் இன்னும் உயர்த்தினேன். அப்போதுதான் தங்கள் மகன் நிக்கானோரிடம் போய்க் காதில் என்னமோ ஓதி, தன் கையாலேயே இடப் பக்கத்தைக் குறைத்தார். என் கைக்குட்டை மேலே இருக்கும்போது! இருபத்திரண்டு வருஷத்தில் மேயர் வந்து நின்றபோதுகூட என் கைக்குட்டைக்கு மேல் ஒருவன் கை போனதில்லை.

பாட்டு முடிந்து எல்லோரும் தெருவிலேயே மேசை போட்டுச் சங்கோச்சோ குழம்பு சாப்பிட உட்கார்ந்தார்கள். எனக்கு இறங்கவில்லை. எழுந்து போய், பிக்கோவுக்குப் பின்னால் மிஞ்சிக் கிடந்த வயர் துண்டை எடுத்துக் கத்தியால் தோலைச் சீவினேன். உள்ளே செம்பு இல்லை அம்மா. வெள்ளையாக மினுங்கியது. அலுமினியம்! அதைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசை நடுவில் போட்டேன்.

“பாருங்க எல்லாரும்! செம்புன்னு சொல்லி அலுமினியத்தைக் கட்டியிருக்கார் என் மாப்பிள்ளை. இடது பக்கம் ஏன் பாடலைன்னு இப்போ தெரியுதா? செம்பு எந்தக் கடையில வித்துப்போச்சோ!”

மாப்பிள்ளை ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“மாமா, அது செம்புதான். படகுக்குப் போடற வயர், மேல ஈயம் பூசியிருக்கும். நம்ம ஊர் உப்புக் காத்துக்குக் கறுக்காதுன்னு பார்த்து வாங்கினேன்.”

“படகா? எங்கேயா படகு? தெருவுல ஓடறது பஸ்!” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு, ஒளிப்பானேன், அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது, ‘செம்புத் திருடன்’ என்று ஒரு வார்த்தை சொன்னேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னேன். சிரிப்பு நின்றுபோயிற்று. தங்கள் மகன் எழுந்து கையைக் கழுவினார். “பெரியவங்க நீங்க. நீங்க சொன்னா அப்படியே இருக்கட்டும் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். குற்றமில்லாதவன் ஒரு சத்தமாவது போட மாட்டானா?

ஆகையால் தங்களுக்குத் தெரிவிப்பது. ஒன்றும் தெரியாத என் வீட்டுச் சுவரில் ஆணி அடித்ததற்கும், என் கைக்குட்டையை ஊர் பார்க்க அவமதித்ததற்கும் அவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை என் வாசற்படி மிதிக்கக் கூடாது. யூரானிஸ் சனிக்கிழமை பஸ்ஸில் தானும் சியேனகாவுக்கு வந்துவிடுவதாகச் சுவரில் இருக்கிற காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். வயிற்றில் ஐந்து மாதம். அவள் அம்மா போன பிறகு அவளை நான் ஒருவனாக வளர்த்தேன், இந்த வீட்டில் அவளும் போய்விட்டால் எனக்குச் சோறு போடக்கூட ஒருவரும் இல்லை. தாங்கள் அவளை வர வேண்டாமென்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் அவள் என்னிடம் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் என் இடது பக்கத்தில்தான் உட்காருகிறாள், நான்கு நாளாக ஒரு வார்த்தை கிடையாது. பெற்ற அப்பனிடம் இப்படி ஒரு வைராக்கியத்தை அவளுக்குத் தங்கள் குடும்பம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறது.

தங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் மாதிரி கசப்பான எதையாவது தடவிக்கொள்ளவும். ஆடுகளுக்கு என் அன்பு. கார்மென் மாதா தங்களை எல்லா வளைவிலும் எல்லா இறக்கத்திலும் காப்பாளாக.

தங்கள் மீது மரியாதையும் தங்கள் மகன் மீது வருத்தமும் உள்ள,
அரிஸ்திதெஸ் பார்ராசா
(ஓய்வு பெற்ற டிரைவர், ‘பிடிவாதக்காரன்’ பிக்கோவின் காது)

பின்குறிப்பு: அம்மா, மேலே உள்ளதெல்லாம் எழுதி முடித்து, வலக் கையில் பேனாவோடு உறையின்மேல் தங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. வலக் கைக்கு வேலை இருந்ததால் இடக் கையில் எடுத்து இடது காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஹலோ, ஹலோ என்று கத்தினேன். போனையும் தங்கள் மகன் தொட்டிருப்பார் என்று திட்டினேன், அதுவும் எழுத்தில் வர முடியாத வார்த்தையால். யூரானிஸ் அடுப்படியிலிருந்து வந்தாள். போனை என் கையிலிருந்து வாங்கி என் வலது காதில் வைத்தாள். “அண்ணே, அண்ணே, ஏன் இப்படிக் கத்தறீங்க, நான் நிக்கானோர்தான்” என்று அவன் பக்கத்தில் நிற்கிற மாதிரி பேசுகிறான்.

போனை வைத்துவிட்டு என் சாய்வு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், பெட்டிகளுக்கு முதுகு காட்டி. பாட்டைப் போடச் சொன்னேன். மூன்று வாரமாக ஊமையாக இருந்த பேக்கரிச் சுவர்ப் பெட்டி என்னமாய்ப் பாடுகிறது தெரியுமா? மற்றது அடங்கிப்போயிற்று. ஜன்னலோரம் முப்பத்தொரு வருஷம் காற்றும் ஹாரனும் தின்ற பக்கம் எது என்று எனக்குப் புரிய இன்னொரு பாட்டு தேவைப்படவில்லை.

“அவனுக்குத் தெரியுமாடி?” என்று கேட்டேன்.

“முதல் நாளே தெரியும்ப்பா. உங்க பின்னாடி நின்னு விரலைச் சொடுக்கிப் பார்த்தாரே.”

“தெரிஞ்சும் ஏன் தினமும் வயரை மாத்தினான்?”

“மாத்தின அன்னைக்கு நீங்க நிம்மதியா சாப்பிட்டீங்கப்பா. ‘உங்கப்பா காதை இந்தத் தெருவே நம்புது, அதைப் பிடுங்கிப் போட நான் யாரு’ன்னார். ஞாயித்துக்கிழமைகூட நிக்கானோர் மாமாகிட்ட என்ன சொன்னார் தெரியுமா? ‘நான் போட்ட கனெக்ஷன் லூஸ், தப்பு என்னுது, மாமா கைக்குட்டை சரிதான்’னு சொல்லித்தான் குறைச்சார். இதை நான் திங்கக்கிழமையே உங்க பக்கத்துல உட்கார்ந்து சொன்னேன். நீங்க மீன் முள்ளை எடுத்துக்கிட்டே இருந்தீங்க.”

அந்த வயர் துண்டைச் சாட்சிக்காக இந்தக் கடிதத்தோடு வைப்பதாக இருந்தேன். எடுத்து இன்னொரு தடவை அழுத்திச் சீவினேன். வெள்ளைக்கு உள்ளே சிவப்பாகச் செம்பு இருந்தது. நான் அழுதேன் அம்மா, மகள் பார்க்கவே அழுதேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடிதத்தைக் கிழித்துப் போட எடுத்தேன். யூரானிஸ் பிடுங்கிக்கொண்டாள். “இப்படியே போகட்டும். தன் பிள்ளை என்னென்ன பொறுத்துக்கிட்டான்னு அவங்க அம்மாவுக்குத் தெரிய வேணாமா?” என்றாள். சரி என்றேன். ஆகவே மேலே எழுதியதில் தங்கள் மகன் என்று வருகிற இடமெல்லாம் திட்டு என்னைச் சேரும், அப்படிப் படித்துக்கொள்ளவும். சனிக்கிழமை பஸ்ஸில் யூரானிஸ் மட்டுமல்ல, நானும் வருகிறேன். ஊர் நடுவில் சொன்ன வார்த்தைக்கு ஊர் நடுவில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதற்கு அவர் எங்களோடு ரெபோலோவுக்குத் திரும்பி வர வேண்டும். இதைத் தாங்கள்தான் அவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அவர் என்னைத் திட்ட வேண்டும். இத்தனை நாள் சும்மா இருந்தது போதும். தயவு செய்து என் வலது பக்கமாக வந்து நின்று திட்டச் சொல்லுங்கள், ஒரு வார்த்தை விடாமல் எனக்குக் கேட்க வேண்டும்.